எண்பது ஏக்கர் பாடநூல்

மத்ரஸாவில் தாரீக் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுது. அப்பாஸிய கலீஃபாக்களின் ஆட்சி ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "உஸ்தாத், வரலாறு ராஜாக்களுக்கு மட்டும்தானா? எங்க வீட்டுக்கு வரலாறு கிடையாதா?" என்று கேட்டான். "ஏன் இல்லை? ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு" என்றோம். அவன் விடவில்லை. "அப்ப அதைக் காட்டுங்க உஸ்தாத்" என்றான்.

காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருந்தது? எமது பாட்டனார் வைத்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு கிணறும், கிணற்றங்கரையில் அவர் தொழுவதற்கென்று போட்டிருந்த ஒரு கல்லும் இருந்தன. அவர் மறைந்தபின் பங்கு பிரிந்தது, பங்குகள் கைமாறின, இன்று அவ்விடம் வீட்டு மனைகளாகி, கிணறும் மூடப்பட்டுவிட்டது. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே அந்த மாணவனுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நூல்களைப் புரட்டியபோது, உலகின் மறுகோடியில் உள்ள ஒரு குடும்பத் தோட்டத்தின் வரலாறு நமக்குக் கிட்டியது. அதன் சொந்தக்காரர் முஸ்லிம் அல்லர். அங்கே அரண்மனையில்லை, கோட்டையில்லை. ஒரு பழைய கோழிக்கொட்டகைதான் நிற்கிறது. ஆயினும் பல தலைமுறை மாணவர்கள் அங்கு சென்று வரலாற்றையும் இயற்கையைப் பேணுவதையும் கற்றுத் திரும்புகின்றனர். அந்த எண்பது ஏக்கரின் கதையை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் முன்கதை

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம் உண்டு. அதே பெயரில் ஓர் ஆறும் அங்கே ஓடுகிறது. அந்த ஆற்றின் கரையில், பராபூ என்னும் சிற்றூருக்கு அருகில் இத்தோட்டம் அமைந்துள்ளது. பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் உருகியபோது விட்டுச்சென்ற மணல் அப்பகுதியெங்கும் பரவிக் கிடக்கிறது. பார்வைக்கு அழகிய நிலம். ஆனால் வளம் குறைந்தது. மேல்மண்ணை இழந்தால் எளிதில் மீளாதது.

ஹோ-சங்க் என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. 1837ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்மூலம் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த அவர்களது நிலம் அமெரிக்க அரசின் கைக்குச் சென்றது. அதன்பின் அவர்கள் மீண்டும் மீண்டும் மேற்கே விரட்டப்பட்டார்கள். அவர்களில் சிலர் மீண்டும் மீண்டும் தங்கள் மண்ணுக்கே திரும்பி வந்தார்கள். எந்த நிலத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினாலும் "இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருத்தல் வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டுப் பின்வந்தவர்களின் சிறப்பை மட்டும் பாடுவது வரலாறு ஆகாது.

அடுத்து வந்த குடியேறிகள் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள். சில பத்தாண்டுகளில் மண் சலித்தது, பூச்சிகள் பெருகின, விவசாயிகள் கோதுமையைக் கைவிட்டு மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். சதுப்பு நிலங்களின் நீரை வடித்து அங்கும் உழுதார்கள். மணற்பாங்கான இடங்களில் இவையெதுவும் நிலைக்கவில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது பலர் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள். நாம் பேசும் தோட்டத்தின் முந்தைய உரிமையாளர் கள்ளச்சாராயம் காய்ச்சியவர் என்றும், எஞ்சியிருந்த வளத்தையும் உறிஞ்சிவிட்டு, வீட்டையும் எரித்துவிட்டுப் போனவர் என்றும் பின்வந்தவர் எழுதிவைத்தார். மிஞ்சியது, எரு நிரம்பிக் கிடந்த ஒரு கோழிக்கொட்டகை மட்டுமே.

வாங்கியவர் யார்?

1935ஆம் ஆண்டு இந்த நிலத்தை வாங்கியவர் ஆல்டோ லியோபோல்டு. 1887இல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்று, 1909இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் பணியாற்றிய இளமைக் காலத்தில், ஓநாய்களைக் கொன்றால் மான்கள் பெருகும் என்று நம்பி, தாமும் துப்பாக்கியேந்திச் சுட்டவர் அவர். பின்னாளில், ஓநாய்கள் ஒழிந்த மலைகளில் மான்கள் அளவின்றிப் பெருகி, தளிரையெல்லாம் மேய்ந்து, இறுதியில் தாமும் பட்டினியால் மடிவதைக் கண்டார். தமது பிழையை ஒளிக்காமல் எழுதிவைத்தார். தம் பிழையைத் தாமே எழுதும் துணிவு ஆசிரியருக்கு வேண்டிய முதற்பண்பு என்பது எமது எண்ணம்.

நியூ மெக்சிகோவின் கீலா வனப்பகுதி, 1924இல் சாலையும் கட்டடமும் புகாத காப்பிடமாக அறிவிக்கப்பட்டதற்கு அவரது முன்மொழிவே காரணம். 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியரானார். இத்தகையவர் நல்ல நிலத்தைத் தேடி வாங்கியிருக்கலாம். அவரோ, மனிதர் கெடுத்துவிட்டுப் போன நிலத்தை வாங்கினார். கெட்டதைச் சீராக்க முடியுமா என்று தம் குடும்பத்தோடு சோதித்துப் பார்ப்பதே அவரது விருப்பம்.

மனைவி எஸ்டெல்லா, மக்கள் ஸ்டார்க்கர், லூனா, நீனா, கார்ல், எஸ்டெல்லா என ஐவர். மூத்தவருக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும், கடைக்குட்டிக்கு எட்டு. வார இறுதிகளில் மேடிசன் நகரிலிருந்து குடும்பமே புறப்பட்டு வரும். கோழிக்கொட்டகையில் இருந்த எருவை வாரிக் கொட்டினார்கள். கணப்படுப்பு ஒன்றைக் கட்டினார்கள். பலகைகளை அடித்துப் படுக்கைகள் அமைத்தார்கள். மின்சாரமில்லை, குழாய்நீரில்லை. அந்தக் குடிலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'குடிசை' என்பதுதான்.

1936 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் பைன் மரக்கன்றுகளை நட்டார்கள். முதலாண்டே கடும் வறட்சி தாக்கியது. ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியும், நட்டவற்றில் ஏறத்தாழ எல்லாமே கருகிப்போயின. மறு வசந்தத்தில் மீண்டும் நட்டார்கள். அதற்கடுத்த ஆண்டும் நட்டார்கள். இவ்வாறு ஆயிரக்கணக்கான கன்றுகள். பைன் மட்டுமன்றி, அந்த மண்ணுக்கே உரிய புற்களையும் பூச்செடிகளையும் தேடிக் கொணர்ந்து விதைத்தார்கள்.

கியாமத் நாள் வந்துவிட்டபோதும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிட முடியுமாயின் நட்டுவிடுமாறு நம் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளதை நாம் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். கருகிய கன்றின் குழியருகே மறுகன்றோடு நிற்கும் ஒரு தகப்பனையும் பிள்ளைகளையும் மனக்கண்ணில் கண்ட பிறகே அந்த ஹதீஸின் ஆழம் நமக்குச் சற்று விளங்கியது.

மரத்துக்குள் ஒரு தாரீக்

அந்தத் தோட்டத்தில் ஓர் ஓக் மரம் மின்னல் தாக்கிப் பட்டுப்போயிற்று. ஓராண்டு உலரவிட்டு, குளிர்காலத்தில் விறகுக்காக அதை இரம்பத்தால் அறுத்தார்கள். லியோபோல்டின் புகழ்பெற்ற கட்டுரைகளுள் ஒன்று இந்த அறுப்பைப் பற்றியதே. குளிர்நாட்டு மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். இரம்பம் வெளிப்பட்டையில் தொடங்கி உள்ளே செல்லச் செல்ல, ஒவ்வொரு வளையமும் ஓர் ஆண்டு பின்னோக்கிப் போகிறது. ஒவ்வோர் ஆண்டிலும் அந்த மாநிலத்தின் காட்டுக்கும் ஆற்றுக்கும் பறவைக்கும் என்ன நேர்ந்தது என்பதை அவர் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார்.

முதலில் தம் குடும்பம் அந்த மரத்தோடு வாழ்ந்த ஆண்டுகள். பிறகு முன்னவர் நிலத்தைக் கெடுத்த ஆண்டுகள். பிறகு வறட்சிகள், காட்டுத் தீக்கள், சதுப்புநில வடிகால்கள், வேட்டைச் சட்டங்கள். 1899ஆம் ஆண்டு வளையத்தில் ஒரு துயரம் பதிந்திருக்கிறது: கூட்டங்கூட்டமாகப் பறந்து வானத்தையே மறைத்த பயணிப் புறாக்களில் ஒன்று, விஸ்கான்சினின் பாப்காக் என்னுமிடத்தில் சுடப்பட்டது. அம்மாநிலத்தில் காட்டில் அறியப்பட்ட கடைசிப் புறா அதுவே. கோடிக்கணக்கில் இருந்த அவ்வினத்தின் இறுதிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பது அழியாது என்ற எண்ணம் எவ்வளவு பெரிய ஏமாற்று!

இரம்பம் மரத்தின் நடுவை அடையும்போது 1865ஆம் ஆண்டு வருகிறது. அந்த ஆண்டில்தான், பின்னாளில் அமெரிக்காவின் பெரும் இயற்கைக் காவலராக அறியப்பட்ட ஜான் மியூர், தம் தந்தை முன்னர் உழுத பண்ணையின் ஒரு பகுதியை விலைக்குக் கேட்டார். அந்தப் பண்ணை இந்த ஓக் மரத்திலிருந்து முப்பது மைல் கிழக்கே இருந்தது. தம் பிள்ளைப் பருவத்தில் மகிழ்வித்த காட்டுப்பூக்களை அங்கே காப்பாற்றி வைப்பது அவர் நோக்கம். அப்போது நிலத்தை வைத்திருந்த உறவினர் தர மறுத்துவிட்டார். நிலம் கிடைக்கவில்லை, ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, அருகிலேயே வேறொரு குடும்பம் அதைச் செய்துகாட்டியது.

வரலாறு கற்பிப்போருக்கு அக்கட்டுரையின் முடிவில் ஓர் அரிய பாடம் இருக்கிறது. மரத்தைத் துண்டாக்க மூன்று கருவிகள்: இரம்பம், ஆப்பு, கோடரி. இரம்பம் ஒவ்வோர் ஆண்டாக ஊடுருவி, ஆண்டுக்கு ஒரு சிட்டிகைத் தூளை வெளியே தள்ளுகிறது. ஆப்பு மரத்தைப் பிளந்து எல்லா ஆண்டுகளையும் ஒரே நேரத்தில் கண்முன் விரிக்கிறது; ஆனால் பிளக்கும் இடம் தவறினால் எதுவும் தெரியாது. கோடரி அண்மைக் காலத்து வெளிவளையங்களை மட்டுமே கொத்தும். இம்மூன்றும் வரலாற்றுக்கும் பொருந்தும் என்கிறார் அவர். நாம் நடத்தும் தாரீக் பாடங்களை எண்ணிப் பார்த்தோம். ஆண்டுகளை வரிசையாக ஒப்பிக்கச் செய்யும் இரம்ப வேலையே மிகுதி. ஒரு நிகழ்வைப் பிளந்து அதன் காரணங்களைக் காட்டும் ஆப்பு வேலை குறைவு. அந்த மாணவன் கேட்டதும் இதைத்தானே!

பிரிக்கப்படாத பங்கு

1948 ஏப்ரல் 21 அன்று, அண்டை வீட்டார் நிலத்தில் புல்லில் தீப்பற்றியது. அதை அணைக்கச் சென்ற லியோபோல்டு அங்கேயே மாரடைப்பால் இறந்தார், வயது அறுபத்தொன்று. அவரது கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பிக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒப்புக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மகன் லூனா அதைச் செப்பம் செய்து 1949இல் வெளிவரச் செய்தார்.

தாயாரும் 1975இல் மறைந்தார். ஐந்து பிள்ளைகள், எண்பது ஏக்கர், ஆளுக்குப் பதினாறு. கணக்கு எளிது. நம் குடும்பங்களில் எத்தனையோ முறை போட்ட கணக்கு அது. அவர்களோ நிலத்தைப் பிரிக்கவில்லை. 1982இல் ஐவரும் சேர்ந்து தந்தையின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவி, குடிசையையும் தோட்டத்தையும் அதன் பொறுப்பில் விட்டார்கள். சுற்றியிருந்த நிலத்தார் பலரும் தம் நிலங்களைக் காப்பதற்கு முன்வந்திருந்தனர். எனவே எண்பது ஏக்கரைச் சூழ்ந்து ஒரு பெருங்காப்பு நிலம் உருவாயிற்று.

மகள் நீனா 1976இல் கணவருடன் அங்கேயே திரும்பி வந்து குடியேறினார். தந்தை ஒரு பழக்கம் வைத்திருந்தார்: எந்தப் பூ எந்த நாளில் மலர்ந்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்தது, ஆற்றின் பனி எப்போது உடைந்தது என்பதை நாள்தோறும் குறித்துவைப்பது. நீனா அந்தக் குறிப்பேட்டைத் தொடர்ந்தார். 1936 முதல் 1947 வரை தந்தை குறித்தவையும், 1976 முதல் 1998 வரை மகள் குறித்தவையும் ஒப்பிடப்பட்டு, 1999இல் ஓர் ஆய்வாக வெளிவந்தன. நீனாவும் அவர் தம்பி கார்லும் அதன் ஆசிரியர்களில் இருவர். ஐம்பத்தைந்து வகை நிகழ்வுகளைப் பார்த்ததில், பல பூக்கள் முன்பைவிட முந்தி மலர்வதும், பல பறவைகள் முந்தி வருவதும் தெரிந்தன. பருவநிலை மாறுகிறது என்பதற்கு ஒரு குடும்பத்தின் குறிப்பேடு சாட்சியாயிற்று. தந்தை எழுதும்போது இதற்காக எழுதவில்லை. கவனித்ததை நேர்மையாகக் குறித்தார், அவ்வளவே.

நட்ட பைன்கள் வளர்ந்து ஒன்றையொன்று நெருக்கின. சிலவற்றை வெட்டி இடைவெளி விட்டால்தான் மற்றவை வாழும். அவ்வாறு வெட்டிய மரங்களைக் கொண்டே, லியோபோல்டு உயிர்நீத்த இடத்தின் அருகில் 2007இல் ஒரு கல்வி மையம் எழுப்பப்பட்டது. பிள்ளைகள் வாளியில் நீர் சுமந்து ஊற்றிய கன்றுகள், முதுமையில் அவர்கள் கண்முன்னே தூண்களாகவும் உத்தரங்களாகவும் நின்றன. 2009இல் அந்தக் கோழிக்கொட்டகையும் தோட்டமும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இன்று அங்கு வரும் மாணவர்களுக்குப் பாடம் நிலத்திலேயே தொடங்குகிறது. குடிசைக்குள் சென்று ஒரு பேராசிரியர் குடும்பம் எவ்வளவு குறைவான பொருட்களோடு நிறைவாக இருந்தது என்பதைக் காண்கிறார்கள். பைன்களினூடே நடந்து, மணலாக இருந்த இடம் காடானதை உணர்கிறார்கள். புல்வெளியில் முட்புதர் மண்டாதிருக்க, உரிய பருவத்தில் கட்டுப்பாட்டோடு தீயிடும் பழைய முறையைப் பற்றி அறிகிறார்கள். இலையுதிர் காலத்தில் ஆற்றின் மணல்திட்டுகளில் சாண்ட்ஹில் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. லியோபோல்டு நிலம் வாங்கிய காலத்தில் அம்மாநிலத்தில் அவை அரிதாகிப்போய், இனி இல்லாமலே போகும் என்று அவர் அஞ்சிய பறவைகள் அவை. இழந்தது எல்லாமே மீளாது, புறா மீளவில்லை. ஆயினும் சில மீளும், கொக்கு மீண்டது. இவ்விரண்டையும் ஒரே நிலத்தில் நின்று கற்பது எத்தகைய பேறு!

இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரால் ஒரு கேள்வி

இந்த நூலை வாசிக்கும் முஸ்லிம் ஓரிடத்தில் திடுக்கிட நேரும். நிலத்தைத் தமக்குச் சொந்தமான சரக்காகக் கருதும் மனப்போக்கே அழிவுக்குக் காரணம் என்று கூறும் லியோபோல்டு, அந்த மனப்போக்குக்கு இப்ராஹீம் நபியின் பெயரைச் சூட்டுகிறார். இதை நாம் ஏற்க இயலாது. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தைக் குடியமர்த்தியது பயிரே விளையாத ஒரு பள்ளத்தாக்கில். அவர்கள் கேட்டது அங்கு வாழ்வோருக்கு அமைதியும் கனிகளும். அவர்களின் பெயரோடு இணைந்த மக்காவின் ஹரம் எல்லைக்குள் தானாக வளர்ந்த மரத்தை வெட்டவும் கூடாது. வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவையும் அவ்வாறே புனித எல்லையாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இப்ராஹீமின் மரபு நிலத்தைச் சுரண்டும் மரபன்று. அதற்கு எல்லையிட்டுக் காத்த மரபு.

எனினும் மறுப்புரை எழுதிவிட்டு எழுந்துபோக நமக்கு மனம் வரவில்லை. நம் மார்க்கத்தில் இருப்பது வேறு. நம் கையெழுத்தில் இருப்பது வேறு. அவரது குற்றச்சாட்டு இப்ராஹீம் (அலை) அவர்களைச் சாராது. தோப்பை மனையாக்கிய நம்மைச் சாரும்.

லியோபோல்டின் பிள்ளைகள் செய்ததை நம் முன்னோர் அறியாதவர்களும் அல்லர். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைக் குறித்து உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். தம்மிடம் இதனினும் உயர்ந்த செல்வம் இருந்ததில்லை என்றும் கூறினார்கள். விரும்பினால் மூலநிலத்தை நிறுத்திவைத்து அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்று வழிகாட்டப்பட்டது. அந்நிலத்தை விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுரிமையாகப் பிரிக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு உமர் (ரலி) அவர்கள் அதை அறமாக்கினார்கள். ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோர் பயன்பெற்றனர். நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அந்நிலத்தின் பொறுப்பு உமரின் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கும் ஒரு மகள். இங்கும் ஒரு மகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாரிசுப் பங்கு அல்லாஹ் விதித்த உரிமை. 'தோப்பைக் காக்கிறோம்' என்ற பெயரில் சகோதரியின் பங்கை மறுப்பது அறமன்று, அநீதி. வக்ஃப் என்பது உரிமையாளர் தம் வாழ்நாளில், நல்ல நிலையில், மனமுவந்து செய்வது. அல்லது, பங்கு பெற்ற வாரிசுகள் அனைவரும் லியோபோல்டின் பிள்ளைகளைப் போல ஒருமனதாகச் செய்வது. எமது தோப்பை விற்றபோது யாருடைய பங்கும் மறுக்கப்படவில்லை, கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒன்றாக அமர்ந்து, 'கிணற்றையும் அதைச் சுற்றிய ஐந்து சென்ட்டையும் மட்டும் விட்டுவைப்போமா?' என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதுதான் எமது குறை.

வகுப்பறையில் செய்தது

விஸ்கான்சினுக்கு நம் மாணவர்களை அழைத்துச் செல்ல இயலாது. நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவற்றில் ஆண்டு வளையம் குளிர்நாட்டு மரங்களில் போலத் தெளிவாக விழுவதுமில்லை. தேக்கு போன்ற சில மரங்களில்தான் எண்ண முடியும். ஆயினும் வேறொரு வளையம் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. அதுதான் பழைய பத்திரம்.

வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியை மட்டும் எழுதி வருமாறு மாணவர்களிடம் கூறினோம். தொகை வேண்டாம், பெயர்கள் வேண்டாம். வந்தவற்றைப் படிக்கையில் வகுப்பு அமைதியாயிற்று. "வாய்க்காலுக்கு மேற்கு" என்றிருந்தது ஒன்றில். அங்கே இன்று வாய்க்கால் இல்லை. "புளியமரத்துக்குத் தெற்கு" என்றிருந்தது மற்றொன்றில். அந்த மரத்தைக் கண்டவர் வகுப்பில் யாருமில்லை. ஒரு மாணவன் தன் வாப்பும்மாவிடம் விசாரித்து வந்து, அந்த வாய்க்காலில் அவர் சிறுமியாக இருந்தபோது குளித்த செய்தியைச் சொன்னான். பின்வரிசை மாணவன் கேட்ட வரலாறு அன்று வகுப்புக்குள் வந்து அமர்ந்தது.

அடுத்து ஒரு பொதுக் குறிப்பேட்டைத் தொடங்கியுள்ளோம். முதல் மழை, வேம்பு பூத்த நாள், குயில் கூவிய நாள், கிணற்றில் நீர்மட்டம் ஆகியவற்றை மாணவர்கள் முறைவைத்து எழுதுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. நம் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு. ஆகவே பருவங்கள் அதில் ஒரே மாதத்தில் நில்லா. நோன்பு கோடையிலும் வரும், மழையிலும் வரும். எனவே ஒவ்வொரு குறிப்புக்கும் ஹிஜ்ரி நாளையும் ஆங்கில நாளையும் சேர்த்தே எழுதச் சொல்லியிருக்கிறோம். இக்குறிப்பேட்டின் பயனை நாம் காணமாட்டோம். இன்ஷா அல்லாஹ், அதைத் திறந்து பார்ப்பவர் வேறொரு காலத்தின் ஆசிரியராக இருப்பார்.

இக்கட்டுரையை வாசிக்கும் குடும்பங்களில் சிலவற்றிலேனும் இன்னும் பிரிக்கப்படாத தோப்போ, மூடப்படாத கிணறோ, பாட்டனார் நட்ட ஒரு மாமரமோ இருக்கக்கூடும். பங்கு பேச அமரும் நாளில், கணக்குப் போடுவதற்கு முன், எமது குடும்பம் கேட்கத் தவறிய அந்தக் கேள்வியை யாரேனும் ஒருவர் கேட்டுவிடுங்கள். விடை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ அமையலாம். கேட்கப்பட்டது என்பதாவது உங்கள் பிள்ளைகளின் வரலாற்றில் இருக்கட்டும்.